தபீப் அருகில் இல்லாதவர்க்கு

ரய் நகரத்தில் பிறந்து, அந்நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்த முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (ஹிஜ்ரி 313 / கி.பி. 925) அவர்கள் எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயர் ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’ என்பதாகும். ‘மருத்துவர் எவருக்கு அருகில் இல்லையோ அவருக்கு’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ‘திப்புல் ஃபுகரா’, அதாவது ஏழைகளின் மருத்துவம் என்றும் அந்நூலுக்கு மறுபெயர் உண்டு. அரண்மனை வைத்தியர் பரிந்துரைக்கும் விலையுயர்ந்த கூட்டு மருந்துகளை விடுத்து, கடைத்தெருவிலும் சமையலறையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக் கூடியவற்றை அதில் அன்னார் தொகுத்தளித்தார்கள். பெரும் மருத்துவமனையின் தலைவராயிருந்தவர், அம்மருத்துவமனையின் வாயிலை எட்ட இயலாதவரை நினைத்து ஒரு நூல் செய்தார் என்பது நம் கவனத்துக்குரியது. இன்று ‘தொலை மருத்துவம்’ என்று நாம் வழங்குவதன் வேரை மின்கம்பியிலும் வானலையிலும் மட்டும் தேடுவோர், இத்தகைய ஏடுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

ராஸீக்கு முன்பே, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், குஸ்தா இப்னு லூகா என்ற கிறிஸ்தவ அறிஞர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒரு பிரமுகருக்காகப் பயண உடல்நலம் பற்றி ஒரு ரிஸாலா எழுதிக் கொடுத்தார். மருத்துவரைத் தம்முடன் அழைத்துச் செல்ல இயலாத ஹாஜி, மருத்துவரின் சொல்லைச் சுமந்து சென்றார். ராஸீக்குப் பின்பு கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், ‘ஸாதுல் முஸாஃபிர்’ என்ற பெயரிலேயே, வழிப்போக்கனின் கட்டுச்சோறாக, ஏழு பகுதிகள் கொண்ட நூலொன்றை யாத்தார். தலை தொடங்கிப் பாதம் ஈறாக நோய்களை வரிசைப்படுத்தும் அந்நூல் பதினோராம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குச் சென்று, ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பாடநூலாயிற்று. இப்னுல் ஜஸ்ஸார் நோயாளிகளிடம் தம் கையால் காசு வாங்கியதில்லை என்றும், வீட்டு வாயிலில் ஒரு பந்தலிட்டு மருந்துகளை ஏவலாள் வாயிலாகவே கொடுத்தனுப்பினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர்.

அன்று அவர் வாயிலுக்கு வந்தவை நோயாளிகள் மட்டுமல்ல. கண்ணாடிக் குப்பிகளும் வந்தன. ‘காரூரா’ எனப்படும் அக்குப்பியில் நோயாளியின் சிறுநீரை ஊற்றி, உறவினரோ ஊழியரோ மருத்துவரிடம் கொண்டுசெல்வர். நிறம், தெளிவு, வண்டல், மணம் ஆகியவற்றைக் கண்டு, தாம் காணாத நோயாளிக்கு மருத்துவர் மருந்து சொல்லுவார். இப்னுல் ஜஸ்ஸாரின் ஆசான் இஸ்ஹாக் இப்னு சுலைமான் அல்-இஸ்ராயீலீ சிறுநீரைப் பற்றித் தனி நூலே எழுதியவர். நம் நாட்டு யூனானி ஹகீம்களும் அண்மைக்காலம் வரை காரூரா பார்த்தார்கள். நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறிடத்திலுமாக இருக்க, நோயின் அடையாளம் மட்டும் பயணம் செய்யும் இம்முறையே தொலை மருத்துவத்தின் சாரம். அதன் இடரையும் முன்னோர் அறிந்திருந்தனர். குப்பி வெயிலில் படலாகாது, குளிரில் உறையலாகாது, ஒருமணி நேரத்துக்கு மேல் தாமதித்துப் பார்க்கலாகாது என்று இப்னு ஸீனா (ஹிஜ்ரி 428 / கி.பி. 1037) தம் ‘அல்-கானூன்’ நூலில் நிபந்தனைகள் விதிக்கிறார்கள். வழியில் கெட்டுப்போன செய்தி, செய்தியின்மையிலும் தீயது என்பதை அவர்கள் நன்கறிவார்கள். இந்நிபந்தனைக்கு நாம் பின்னர் மீண்டும் வருவோம்.

கடித வழி மருத்துவத்துக்கும் நம்மிடம் உயர்ந்த சான்றுண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் மைந்தர் அல்-மலிகுல் அஃப்ளல் அவர்களுக்கு நோய் கண்டபோது, அவரருகில் இருந்த வைத்தியர்களின் கருத்துகள் தம்முள் முரண்பட்டன. நோய்க்குறிகளையும் வைத்தியர்களின் மாறுபட்ட யோசனைகளையும் விரிவாக எழுதி, ஃபுஸ்தாத்தில் இருந்த யூத மருத்துவ மேதை மூஸா இப்னு மைமூனுக்கு (கி.பி. 1204இல் மறைந்தவர்) அனுப்பினார்கள். அவரோ தாமே பிணியுற்றுப் பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தார். ஆகவே ஒவ்வொரு யோசனையையும் எடுத்து, இது தக்கது, இது தகாதது என்று காரணத்துடன் எழுதி விடையனுப்பினார். நோயாளியின் பக்கத்தில் உள்ளூர் மருத்துவர், தொலைவில் வல்லுநர், இடையில் எழுத்து என்ற அதே அமைப்பில்தான் இன்றைய பெரிய தொலை மருத்துவத் திட்டங்கள் பலவும் நடைபெறுகின்றன.

இனி நீரிழிவுக்கு வருவோம். இந்நோயின் பெயர் வரலாறே சுவையானது. கிரேக்கர் இதற்கு இட்ட ‘டயபிட்டீஸ்’ என்ற பெயருக்குக் ‘கடந்து செல்வது’ என்பது பொருள். குடித்த நீர் உடலில் தங்காமல் ஓடிவிடுவதைக் கண்டு அவ்வாறு அழைத்தனர். அரபு மருத்துவர்கள் அதனை ‘தியாபீதுஸ்’ என எழுதினர். இப்னு ஸீனா கானூனின் மூன்றாம் நூலில், சிறுநீரக நோய்களைப் பேசுமிடத்தில், இதனை அரபியில் ‘தவ்வாரா’ என்றும் ‘தூலாப்’ என்றும் சொல்வதுண்டு என்கிறார்கள். தூலாப் என்பது நீரிறைக்கும் சக்கரம். ஒருபுறம் மொண்டு மறுபுறம் கொட்டிக்கொண்டேயிருப்பது. தமிழில் ‘நீரிழிவு’ என்னும்போதும் அதே காட்சிதான் தோன்றுகிறது. இங்கே இழிவு என்பதற்கு அவமானம் என்று பொருளில்லை. மலையிலிருந்து அருவி இழிகிறது என்கிறோமே, அந்த இழிதல். மூன்று மொழியாரும் நீரைக் கண்டனர். வடமொழி மருத்துவர்களோ இனிப்பைக் கண்டு ‘மதுமேகம்’ எனப் பெயரிட்டனர். எறும்பு மொய்ப்பதையும் குறித்தனர். சிறுநீரின் இனிமையை முதலில் கண்டவர் இப்னு ஸீனாவே என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். சுஸ்ருதரின் நூல் அவருக்குப் பன்னூறு ஆண்டுகள் முந்தியது. நம்மவர் பெருமையைச் சொல்வதற்குப் பிறரது உரிமையைப் பறிக்கத் தேவையில்லை; இப்னு ஸீனாவுக்கு உரியதே ஏராளமாக இருக்கிறது.

இந்நோய் அக்காலத்தில் அரிது. மேற்கூறிய மூஸா இப்னு மைமூன், மேற்கே மக்ரிபில் தாம் இதைக் கண்டதேயில்லை என்றும், மிஸ்ரில் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டோரைக் கண்டதாகவும் எழுதுகிறார். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் பத்தாண்டுகளில் கண்ட தொகையை, இன்று நம் ஊர்ப் பள்ளிவாசலின் முதல் ஸஃப்பிலேயே எண்ணி முடித்துவிடலாம். 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவாளர் 10 கோடியே 10 லட்சம் என்றும், வயது வந்தோரில் அது 11.4 விழுக்காடு என்றும் கணித்தது. இவ்வளவு பேருக்கும் சிறப்பு மருத்துவரின் அறைக்கு வெளியே நாற்காலி போட முடியுமா? தொலை மருத்துவம் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. தேவையின் நெருக்குதலால் தோன்றியது.

ஆயின் நோயாளி வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வேண்டுமானால் மூன்று பொருள்கள் முதலில் வேண்டும். ஒன்று, வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்து. 1921இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் மக்லவுடின் ஆய்வகத்தில் கணையச் சாற்றை ஆராய்ந்தனர். கொல்லிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரி 11ஆம் நாள் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அம்மருந்து தூய்மை போதாமல் பயன்தரவில்லை. ஜனவரி 23இல் மீண்டும் செலுத்தியபோது பலித்தது. அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவான விலைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். இப்னுல் ஜஸ்ஸாரின் பந்தலை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது, வீட்டில் அளக்கக்கூடிய கருவி. நெடுநாள் வரை பெனடிக்ட் என்பார் கண்ட நீலத் திரவத்தில் சிறுநீரைக் காய்ச்சி, பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா என்று பார்ப்பதே வழக்கம். குருதியின் சர்க்கரையை அளக்கும் கருவி அமெரிக்காவில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தபோது, அது மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே விற்கப்பட்டது. சிறுவயது முதல் இந்நோயால் வாடிய ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், தம் மனைவி மருத்துவராயிருந்தமையால் அவர் பெயரில் ஒன்றை வாங்கி, நாள்தோறும் பலமுறை தம் குருதியைத் தாமே அளந்து மருந்தைச் சீர்செய்துகொண்டார். அவ்வனுபவத்தை எழுதியனுப்பியபோது மருத்துவ ஏடுகள் ஏற்கவில்லை; அவர் மருத்துவரல்லரே! ஆகவே அவர் 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். நோயாளி தன் நோயைத் தானே அளக்கலாம் என்பது இன்று சாதாரணமாகத் தோன்றுகிறது. அவ்வுரிமைக்காக ஒருவர் நடுவயதில் மீண்டும் வகுப்பறைப் பலகையில் அமர நேர்ந்தது.

மூன்றாவது, ஒருநாள் கணக்கன்றிப் பலநாள் கணக்கைக் காட்டும் சோதனை. மருத்துவரைக் காணும் முதல்நாள் மட்டும் பத்தியம் காக்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டென்பதைச் சொல்லத் தேவையில்லை! 1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்து அறிஞர் சாமுவேல் ரஹ்பர், நீரிழிவாளரின் குருதிச் சிவப்பணுக்களில் ஒரு மாறுதலைக் கண்டார். சர்க்கரை ஒட்டிக்கொண்ட அச்செந்நிறப் பொருளே இன்று எச்.பி.ஏ.1.சி. என்ற பெயரில் எங்கும் அளக்கப்படுகிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த மூன்று மாதத்து நடத்தையை அது காட்டிக்கொடுத்துவிடும். ரஹ்பர் பிறந்த ஊர் ஹமதான். இப்னு ஸீனா அடங்கியிருப்பதும் அதே ஹமதான். யூத குடும்பத்தில் தோன்றிய ரஹ்பர் ஈரானியப் புரட்சிக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி, 2012இல் அங்கேயே மறைந்தார்.

செய்தியைக் கொண்டு செல்லும் வாகனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1905இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐன்தோவன், மருத்துவமனையில் படுத்திருந்தவரின் இதயத் துடிப்பைச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக வரவழைத்துப் பதிந்தார். 1935இல் ரோமில், நடுக்கடலில் நோயுறும் மாலுமிகளுக்கு வானொலி வழி ஆலோசனை கூறும் நிலையம் ஏற்பட்டது. கப்பற்காரர்களைக் கொண்ட நம் கடற்கரை ஊர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

நீரிழிவுக்கென்றே பெரிய அளவில் நடந்த சோதனை 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மருத்துவ வசதி குறைந்த நகரப் பகுதிகளிலும் நாட்டுப்புறங்களிலும் வாழ்ந்த 1665 முதியோர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர் வீடுகளில் கருவி வைத்து, குருதிச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளந்து அனுப்பச் செய்து, செவிலியர் திரையில் தோன்றிப் பேசினர். ஸ்பானிய மொழியினருக்கு ஸ்பானிய மொழியிலேயே பேசினர். சர்க்கரையும் அழுத்தமும் கொழுப்பும் மற்றப் பாதியினரைவிடச் சிறிது மேலான நிலைக்கு வந்தன. எனினும் உயிரிழப்பு குறைந்ததாகக் காணவில்லை, செலவும் மிச்சமாகவில்லை. இதை மறைக்காமல் அவர்களே வெளியிட்டனர். தொலை மருத்துவத்தைக் கைகண்ட ஸஞ்சீவியாக விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் மாநிலத்தில் நடந்ததொன்று இதைவிட நம் மனத்துக்கு நெருக்கமானது. அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சூணாம்பேட்டையும் சூழ்ந்த 42 சிற்றூர்களையும் எடுத்துக்கொண்டு, சென்னையின் நீரிழிவு மருத்துவ நிறுவனமொன்று, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் தொடர்போடு ஒரு வண்டியை ஓட்டியது. அவ்வண்டியில் விழித்திரையைப் படமெடுக்கும் கருவியும், காலின் உணர்ச்சியையும் இரத்த ஓட்டத்தையும் சோதிக்கும் கருவிகளும் இருந்தன. 2014இல் வெளியான அறிக்கையின்படி அவ்வூர்களின் வயது வந்தோரில் 86.5 விழுக்காட்டினர், அதாவது 23,380 பேர், சோதிக்கப்பட்டனர். நீரிழிவு கண்டவர்களின் எச்.பி.ஏ.1.சி. சராசரி ஓராண்டில் 9.3இலிருந்து 8.5ஆக இறங்கிற்று. சென்னைக்கே வந்தாக வேண்டியிருந்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக்குச் செலவிட்டு, துணைக்கு ஓராளையும் கூட்டிக்கொண்டு பட்டணம் போவதை நினைத்தே வைத்தியத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கே அந்த ஐவர் என்ற எண்ணின் பொருள் தெரியும். அவ்வண்டியின் வெற்றிக்குச் செயற்கைக்கோள் மட்டும் காரணமன்று. உள்ளூரிலேயே ஒரு மருத்துவ நிலையத்தைக் கட்டி, உள்ளூர் இளைஞர்களைப் பழக்கி அமர்த்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 25ஆம் நாள் கொள்ளை நோயின் காரணமாக நாடு முழுதும் அடைக்கப்பட்டது. அதே தேதியில்தான் தொலை மருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. அதுவரை தொலைபேசியில் மருந்து சொல்வது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதே தெளிவின்றி இருந்தது. இப்போது பதிவு பெற்ற மருத்துவர் எவரும் காணொலியாலோ குரலாலோ எழுத்தாலோ ஆலோசனை கூறலாம் என்றும், மயக்கம் தரும் மருந்து வகைகளை அவ்வாறு எழுதித் தரலாகாதென்றும் விதி வகுக்கப்பட்டது. அடுத்த மாதம் அரசின் ‘ஈ-சஞ்சீவனி’ வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண வழி திறந்தது. அம்மாத இறுதியில் ரமளான் பிறந்தது.

இங்கே நம் வீட்டுச் செய்தியொன்றைச் சொல்ல நேர்கிறது. நம் உம்மாவுக்கு அப்போது வயது 77. இருபதாண்டுக்கு மேல் நீரிழிவுடன் வாழ்பவர்கள். ஒரு நோன்பையும் விட்டறியாதவர்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனை பூட்டிக் கிடந்ததால், தொலைபேசியில் ஒரு மருத்துவரைப் பிடித்தோம். அவர் பெயரோ ஊரோ இங்கு வேண்டா. மூன்று நிமிடங்களில், ‘பழைய மாத்திரைகளையே தொடரட்டும்’ என்று சொல்லி வைத்துவிட்டார். நோன்பு வைப்பீர்களா என்று அவர் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. காலை மாத்திரையை உம்மா ஸஹரில் விழுங்கினார்கள். ஒன்பதாம் நோன்பன்று அஸருக்குப் பின் தொழுகை விரிப்பிலேயே சரிந்துவிட்டார்கள். உடலெல்லாம் வியர்வை, பேச்சில் தடுமாற்றம். கருவி 52 என்று காட்டியது. சர்க்கரை நீரை வாயில் ஊற்றினோம். தெளிந்ததும் உம்மா கேட்ட முதல் வார்த்தை, ‘நோன்பு போயிட்டா வாப்பா?’ என்பதுதான்.

இது நம் வீட்டில் மட்டும் நடப்பதன்று. 2001இல் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயுடையோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாள் நோன்பிருந்தது தெரியவந்தது. அவர்களுக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு மிகுந்தது. 2016இலும் 2021இலும் உலக நீரிழிவுக் கூட்டமைப்பினர் ரமளானுக்கெனவே வழிகாட்டி நூல் வெளியிட்டனர். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்; நோன்பின்போது பலமுறை அளக்க வேண்டும்; 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. விரலில் குத்தி அளப்பதால் நோன்பு முறியாது என்பதை நம் மக்களுக்கு இன்னும் நூறுமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் வெளியூர் மருத்துவர் ஒருவர் கைபேசித் திரையில் வந்தார். ‘அம்மா, எண்களைச் சொல்லுங்கள்’ என்றார். உம்மாவிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. அதைப் பேரன் கையில் கொடுத்தார்கள். அவன் விழித்தான். சிறு வயதில் ஓதும் பள்ளியில் பயின்ற அரபுத்தமிழ் எழுத்திலேயே உம்மா எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். பொறியியல் படித்த பேரனுக்கு அதில் ஓரெழுத்தும் தெரியாது. நாம் வாங்கிப் படித்துக் காட்டினோம். நாள், ஸஹரில் உண்டது, ளுஹரில் எண், இஃப்தாரில் எண். இஃப்தார் எண்கள் மட்டும் 290, 310 என்று ஏறியிருந்தன. மருத்துவர் சற்று யோசித்து, ‘பேரீச்சம்பழம் தின்ற கையோடு விரலில் குத்தினீர்களா?’ என்று கேட்டார். ஆம், பிசுபிசுப்பான விரல்! கழுவி அளந்தபோது அத்தனை ஏற்றம் இல்லை. காரூராவுக்கு இப்னு ஸீனா விதித்த நிபந்தனை நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

அம்மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்து இஃப்தாருக்கு மாற்றினார். பின்னர், ‘இந்த வயதில், இவ்வளவு தாழ்ந்த பிறகு, மீதி நோன்புகளை வைக்கச் சொல்ல என்னால் இயலாது’ என்றார். உம்மா திரையைப் பார்க்கவில்லை. நம் முகத்தைப் பார்த்தார்கள். ‘தொட்டுப் பாக்காத டாக்டர் போன்ல சொல்றதக் கேட்டு நோன்ப விடலாமா? நீதானே ஆலிம், நீ சொல்லு.’ நோன்பின் பாடத்தை முப்பதாண்டுகள் நாம் நடத்தியிருக்கிறோம். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறோம். பெற்ற தாயிடம் அதைச் சொல்ல நா எழவில்லை.

ஆனால் கேள்வி நியாயமானது. நம் ஷாஃபியீ ஃபிக்ஹு நூல்களில் தயம்மும் பற்றிய பாடத்தில், தண்ணீர் கேடு செய்யுமென்று மருத்துவர் கூறினால் அதை நம்பி ஒழுவை விடலாமா என்ற ஆய்வு வருகிறது. அங்கே அவர் கூற்றை நீதிமன்றச் சாட்சியமாக, அதாவது ஷஹாதத்தாக, நம் இமாம்கள் கொள்ளவில்லை. ரிவாயத்தாகவே, செய்தியறிவிப்பாகவே, கொண்டனர். சாட்சியத்துக்கு நேரில் நிற்க வேண்டும், இருவரும் வேண்டும். ரிவாயத்துக்கு நம்பகமான ஒருவர் போதும். ஹதீஸ் கலை அறிஞர்களோ ‘முகாதபா’ என்று ஒரு பிரிவே வைத்தனர். ஆசான் எழுதியனுப்பிய மடலைக் கொண்டு, கையெழுத்தும் ஆளும் ஐயமற இன்னாரென்று தெரியுமாயின், அறிவிக்கலாம் என்று பலர் ஏற்றனர். கடலுக்கும் பாலைக்கும் அப்பாலிருந்து வந்த மடலைக் கொண்டு நபிமொழியையே ஏற்ற சமுதாயம், இன்னாரென்று பெயரும் பதிவெண்ணும் தெரிந்த, தன் துறையில் தேர்ந்த மருத்துவர் எண்களைக் கண்டு சொன்ன சொல்லைத் தொலைவு என்ற ஒரே காரணத்தால் தள்ளலாகாது என்பது நம் கருத்து. மூன்று நிமிடத்தில் எதையும் கேட்காமல் சொன்னவரின் சொல்லுக்கு இவ்வுரிமை இல்லை. அதைத் தள்ளுவதற்குக் காரணம் தொலைவன்று, விசாரணையின்மை. இதனைவிட ஆழ்ந்து அறிந்த உலமாப் பெருமக்கள் திருத்தினால் ஏற்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தொலைவினால் ஆகாதவையும் உண்டு. விழித்திரையைப் படமாக அனுப்பலாம். பாதத்தின் மரத்துப்போன உணர்ச்சியை அனுப்ப முடியாது. மெல்லிய இழையால் தொட்டு, ‘தெரிகிறதா?’ என்று கேட்க அருகில் ஒரு கை வேண்டும். வெறுங்காலோடு வெயிலில் சுட்ட தளத்தில் நடந்து, கொப்புளம் கண்டதே தெரியாமல் ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்களை நாம் அறிவோம். நாளொன்றுக்கு ஐந்துமுறை காலைக் கழுவும் நம்மவர், அதைக் குனிந்து பார்த்துக் கழுவினாலே பல விரல்கள் மிஞ்சும். ஆண் மருத்துவர்முன் செல்லக் கூசும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தொலைபேசி ஓரளவு வசதி தந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் துபாயிலிருந்து மகனும், கோலாலம்பூரிலிருந்து மருமகனும் ஒரே அழைப்பில் சேர்ந்துகொண்டு கேட்கும்போது, அப்பெண் தன் குறையை வாய்விட்டுச் சொல்வாளா? மருத்துவரின் அறைக் கதவைச் சாத்துவது போல அவ்வழைப்பிலும் ஒரு கதவைச் சாத்தத்தான் வேண்டும்.

உம்மாவுக்கு நாம் சொன்னோம். சொல்லும்போது குரல் நடுங்கியது. தீராத நோயுடையோருக்கு நாளொன்றுக்கு ஒரு ‘முத்து’ அளவு தானியம் ஏழைக்குக் கொடுக்கும் ஃபித்யாவே கடமை என்பதையும் சொன்னோம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அரிசிப் பானையைத் திறந்து பார்த்ததை மட்டும் கண்டோம்.

மறு வாரம் அம்மருத்துவர் அழைத்து மீண்டும் எண்களைக் கேட்டார். குறிப்பேட்டை எடுத்துப் படித்தோம். ளுஹர் 138. இஃப்தார், கை கழுவி, 171. அதற்கப்பால் உம்மா புதிதாக ஒரு கோடு இழுத்து இன்னொரு பத்தி சேர்த்திருந்தார்கள். மருத்துவருக்கு அது வேண்டியதில்லையாதலால் உரக்கப் படிக்கவில்லை. அடுத்த தெருவில், வேலையிழந்து கிடந்த கொத்தனாரின் வீட்டுப் பெயரும், அன்றைய தேதியும், அரிசி கொடுத்தாயிற்று என்ற குறிப்பும் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எழுதப்பட்டிருந்தன.